அண்ணன் தந்த எடை

ஒரு பெண் வளர்ந்தால் அதற்குப் பின்னால் ஓர் ஆண் இருந்தே தீர வேண்டும். இந்தப் பேருண்மையைக் கருப்பைக்குள்ளேயே போய் நிரூபித்த பெருமை, அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் 'இரட்டையர் ஆய்வுத் துறை'யையே சாரும். துறை என்றால் சும்மா இல்லை. ஒரு பெயர்ப்பலகை, ஓர் எடை மிஷின், ஒரு பெரிய டாக்டர், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஒரு நர்ஸ். நர்ஸுக்குக் கழுத்து வலி தீர்ந்தபாடில்லை.

துறையின் கண்டுபிடிப்பு இதுதான்: வயிற்றுக்குள் கூடவே ஓர் ஆண் குழந்தை இருந்தால், பெண் குழந்தை எடை கூடிப் பிறக்கும். எப்படி என்று கேட்டால் பெரிய டாக்டர், "அவன் விட்டுக்கொடுக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் பஸ் கண்டக்டரம்மா அன்று விடிந்ததும் இரட்டைக் குழந்தை பெற்றாள். "ஒண்ணு பையன், ஒண்ணு பொண்ணு" என்று யாரோ சொன்னது அரை மயக்கத்தில் காதில் விழுந்தது. அவள் கண்ணைத் திறப்பதற்குள் இரண்டையும் துணியில் சுற்றித் துறைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது கொழுகொழுவென்று இருந்ததன் கையில் சிவப்பு ரிப்பன், நோஞ்சானாக இருந்ததன் கையில் நீல ரிப்பன்.

"பெரிசு பொண்ணு, சின்னது பையன்" என்றார் பெரிய டாக்டர்.

"துணியை அவுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"பாத்துச் சொல்றதுக்கு டாக்டர் எதுக்கும்மா? நாங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்றோம். இன்னிக்கு எங்க துறைக்குப் பாராட்டு விழா. அது முடியறவரைக்கும் துணியில கை வைக்காதே. குளிர் பட்டா எடை மாறிடும்."

நர்ஸ் தலையாட்டினாள்.

கண்டக்டரம்மாவின் கணவன் குடிநீர் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. மேலிடம் சொன்னால் மறுபேச்சுப் பேசியறியாத மனிதன். எது முதலில் வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியாதபோதும், நீல ரிப்பனை 'அண்ணன்' பதவியில் அவனே நியமித்தான்.

"தியாகி பசியோட இருக்கக்கூடாது. முதல்ல அவனுக்குப் பால் குடு" என்றான்.

"பெரிசுதானேங்க வீல்வீல்னு கத்துது?"

"அவ உள்ளேயே மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டு வந்தவ. கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

சண்டை போட அவள் உடம்பில் தெம்பில்லை. நீல ரிப்பனுக்குப் பால் கொடுத்தாள். தொட்டிலில் மற்றது முகம் சிவக்கச் சிவக்க அழுதது. ஒரு பஸ் நிறைய ஆட்களை ஒற்றைக் குரலில் உள்ளே தள்ளுகிறவளால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிள்ளையை எடுக்க முடியவில்லை.

அடுத்த பால் கொடுப்பதற்குள் விழா வந்துவிட்டது. வார்டிலேயே நாற்காலி போட்டார்கள். எடை மிஷினுக்கு மாலை போட்டார்கள். பெரிய டாக்டர் நன்றியுரையைத் தாமே வாசித்தார்.

"எடை வழங்கியவர், அண்ணன். வழிகாட்டியது, துறை. ஒத்துழைப்பு நல்கியவர், தகப்பனார். இடம் கொடுத்து உதவியவர், தாயார்."

கைதட்டல் அடங்கியதும் அவர் சிவப்பு ரிப்பனை இரு கைகளாலும் உயரத் தூக்கினார். "பாருங்கள் இந்தப் பெண் செல்வத்தை! ஓர் ஆணின் பெருந்தன்மை எப்படி..."

துணி நழுவியது. பெண் செல்வத்திடமிருந்து ஒரு தாரை புறப்பட்டு, அழகாக வளைந்து, பெரிய டாக்டரின் கண்ணாடியில் போய் விழுந்தது.

நர்ஸ், தன் வேலைக்காலத்திலேயே முதல் தடவையாக, தலையைக் குறுக்கே ஆட்டினாள். "டாக்டர், பொண்ணுங்க இப்படிப் போகாது."

துறைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? கண்ணாடி காய்வதற்குள் அறிக்கை திருத்தப்பட்டது. "ஆண் குழந்தை இயற்கையிலேயே எடை கூடுதல். நாங்க ஆரம்பத்திலேர்ந்து சொல்றது அதுதான்."

"அப்ப பொண்ணு ஏன் இத்துனூண்டு இருக்கு?" என்றாள் கண்டக்டரம்மா.

"அது அவ கோளாறு. பக்கத்துலேயே இருந்தும் அண்ணனைப் பாத்துக் கத்துக்கலை."

கணவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, பெரிசுதான் நம்ம பையனா! ஏம்மா, முதல்ல அவனுக்குப் பால் குடு. இவ்வளவு பெரிய உடம்பு பசி தாங்குமா?"

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தெம்பு எங்கிருந்து வந்ததோ, குரல் வராண்டாவைத் தாண்டிக் கேட்டது.

"சின்னதா இருக்கான்னு பையனுக்கு முதல்ல. இப்ப பெரிசா இருக்கான்னு பையனுக்கு முதல்ல. டாக்டர், என்ன எடையில பொறந்தா பொண்ணுக்கு முதல்ல பால் கிடைக்கும்? அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

பெரிய டாக்டர் யோசித்தார். "அந்த ஆராய்ச்சி இன்னும் நடக்கலைம்மா" என்றார், பொய் சொல்லத் தெரியாதவராக.

"நடக்கும்போது சொல்லி அனுப்புங்க. இப்ப எல்லாரும் இறங்குங்க."

மாலை போட்ட மிஷின் உள்பட எல்லோரும் வெளியேறினார்கள். அவள் இரண்டையும் அள்ளி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டாள். இரண்டும் ஒன்றாகக் குடித்தன. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனாலும் துறையைக் குறைத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. அன்று காலை ஒரு பெண் குழந்தைக்கு அண்ணனை முந்திப் பால் கிடைத்ததே, அது துறையின் சாதனைதான். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவளைப் பையன் என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.