சால்ட் கிரவுன் இரண்டும் ஒரு தாய்மாமன் மடியும்

முதல்நாள் தீர்ப்பாளர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. அவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், அவரே உங்களைத் தேடி வருவார். ஊரில் புது ஓட்டல் திறந்தால், வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போதே ‘சாம்பார்ல உப்பு எச்சுங்க’ என்பார். புதுப் பாலத்தில் முதல் ஸ்கூட்டர் ஏறுவதற்குள் ‘டிசைன்லயே கோளாறுங்க’ என்பார். மாப்பிள்ளை காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தால் போதும், இன்னொரு கால் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ‘ஆள் சரிப்படாதுங்க’ என்று முடித்துவிடுவார். எதையும் முழுசாகப் பார்ப்பது அவருக்கு ஆகாது. முழுசாகப் பார்த்தால் குழப்பம் வந்துவிடுமாம். குழப்பம் வந்தால் தீர்ப்பு தாமதமாகிவிடுமாம். ஆறிப்போன தீர்ப்பை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வான், ஊறுகாயா போடுவான்?

இந்த இனத்தில் ஒரு பொறுக்கிய ரகம் சூலூர் கதிர்வேல். சோமனூரில் அப்பா விட்டுப்போன தறிகளை, சூலூர் பேக்கரியில் உட்கார்ந்தபடியே மேற்பார்வை பார்க்கும் திறமைசாலி. டீ வருவதற்குள் ஐந்தாறு தீர்ப்பு சொல்லிவிடுவான். அத்தனை ஞானமும் ஒரு பேக்கரியோடு நின்றுவிடக் கூடாதே என்று, வீடியோ கேம்களைப் பற்றிப் பேச இணையத்தில் ஒரு சேனல் வேறு வைத்திருந்தான். ‘வணக்கமுங்க, இது பர்ஸ்ட் இம்ப்ரெஷன்தானுங்க, ஆனா இதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க’ என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பான். அப்படியே நடந்துகொள்ளவும் செய்வான். எந்த கேமையும் பத்து நிமிஷத்துக்கு மேல் அவன் தொட்டதில்லை.

இந்த வருஷம் ‘சால்ட் கிரவுன்’ என்ற கேமின் இரண்டாம் பாகம் வந்தது. வந்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன், அது வருவதற்கு முன் பட்ட பாடு நமக்குத்தானே தெரியும்! அவினாசி ரோட்டு விளம்பரப் பலகையில், டவுன் பஸ்ஸின் முதுகில், சினிமா இடைவேளையில், இளநீர் வண்டிக் குடையில், கடைசியில் பேக்கரி டீ கப்பில்கூட, வாளை ஏந்திய ஒருவன் ஒரு வருஷமாக எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருந்தான். கதை என்ன என்கிறீர்களா? கடத்தப்பட்ட தங்கையை மீட்க ஓர் அண்ணன் ஏழு மலை தாண்டிப் போகிறான். முதல் பாகத்திலும் அதுதான் கதை. அதே அண்ணன், அதே தங்கை. பாவம், மறுபடியும் கடத்திவிட்டார்கள்.

கேம் திறக்கப்போவது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. அதே வெள்ளிக்கிழமைதான் சென்னிமலை முருகன் கோயிலில் கதிர்வேலின் தங்கை கீதாவின் குழந்தை யாழினிக்கு மொட்டையும் காதுகுத்தும்.

காதுகுத்துக்கு ஆசாரி வந்துவிடலாம், ஊசி வந்துவிடலாம், பந்தியில் இலைகூட விழுந்துவிடலாம். தாய்மாமன் மடி வராமல் காரியம் நடக்காது. குழந்தையை அவன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். கீதாவுக்குக் கூடப்பிறந்தவன் கதிர்வேல் ஒருவனே. அவள் மாமியார் வீட்டு ஒறம்பரைச் சனமோ, வளைகாப்பன்று இவன் வாசலில் நின்றபடியே ‘பந்தல் சுமாருங்க’ என்று சொன்னதை இன்னும் மறக்கவில்லை. இவன் எப்போது தவறுவான், எப்போது பேசலாம் என்று காத்துக் கிடந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் கீதா போன் செய்தாள்.

“ஏனுங்கண்ணா, நாளைக்கு நேரமே வந்துருவீங்கல்ல? இங்க ஒவ்வொருத்தரும் உங்களத்தான் கேக்கறாங்க. என்ற மானம் உங்க கையிலதானுங்க இருக்குது.”

“வராம எங்க போயிருவேன் அம்மணி? காலைல ஒரு அரை மணி நேர வேலை. முடிச்சுப்போட்டு அம்மாளக் கூட்டிட்டு நேரா மலைக்குத்தான் வாரேன்.”

விடிந்தது. சீர்த்தட்டுகள் காரில் ஏறின. அம்மா நாச்சியம்மாள் பட்டுச்சேலையில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கதிர்வேல் பட்டுவேட்டியோடு டிவி முன்னால் உட்கார்ந்து நேரலையைத் தொடங்கினான். திரையில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன, ஒன்று பழைய பாகம், ஒன்று புதியது. இரண்டிலும் அதே ஆள், அதே வாள். புதியவனுக்குக் கொஞ்சம் தாடி, அவ்வளவுதான். கதிர்வேல் அமுக்கியது தாடி இல்லாதவனை. கேம் தொடங்கும்போது திரையில் பெயர் கொட்டை எழுத்தில் வரத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்து அவன் கேமராவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

பழைய கேம் என்று ஆடும்போது தெரியாதா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவன்தான் பழைய பாகத்தையும் பத்து நிமிஷத்தோடு தீர்ப்பெழுதி மூடிவைத்தவனாயிற்றே! அதற்குப் பின், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவனுடைய நண்பன் ஜெரோம் கேம் ஆடும் பெட்டியையே இரவல் வாங்கிப்போய், நாலாவது மலையின் பனிச்சிகரம் வரை ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தான். கேம் அந்த இடத்திலிருந்து தொடர்ந்தது.

“பாத்தீங்களா!” என்று கத்தினான் கதிர்வேல். “ஆரம்பமே மலை உச்சிங்க! முன்கதை கிடையாது, ஒண்ணும் கிடையாது. என்ன தைரியமுங்க இந்தக் கம்பெனிக்கு! மொதப் பாகத்துல இந்தப் பனி இருந்துச்சுங்களா? மருந்துக்கும் கிடையாதுங்க!”

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருந்தார்களா? ‘செம பனி அண்ணா’ என்றார் ஒருவர். ‘குதிரையின் வால் முன்னைவிட இயற்கையாக ஆடுகிறது’ என்றார் ராமுலு என்பவர். ‘நான் இதை முடித்தே விட்டேன், கிளைமாக்ஸ் சொதப்பல்’ என்றார், கேம் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், இன்னொரு மகான். ஆஃப்ரின் என்ற பெண் மட்டும், ‘அண்ணா, இது பழைய பாகம் மாதிரி இருக்கே’ என்று எழுதினாள்.

கதிர்வேலுக்குக் கோபம் வந்துவிட்டது. “சிஸ்டர், பாத்த ஒடனே இப்படி முடிவு பண்ணக் கூடாதுங்க. எதையும் பொறுமையா, முழுசாப் பாத்துப்போட்டுத்தான் பேசோணும்.”

வாசலில் ஹாரன் அலறியது. கார் ஓட்டத் தெரியாத நாச்சியம்மாளுக்கு ஹாரன் அடிக்கத் தெரியும்.

“கண்ணு! பூவெல்லாம் வாடுது! கீதா நாலு தடவ போன் பண்ணிப்போட்டா!”

“வாரேனுங்கம்மா, ஒரே நிமிசம்!” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, எதிரே கோடரியோடு பாய்ந்த ராட்சசனிடம், “ஏனுங்க, கொஞ்சம் இருங்க, வாரேன்” என்றான். மரியாதை பழக்கமாகிவிட்டால் ராட்சசன், மனுஷன் என்று பேதம் வருமா? அவனும் மரியாதையாகவே வெட்டினான். கதிர்வேல் செத்தான். எழுந்தான். மறுபடி செத்தான். பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிற மனிதன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேமில் ஆழ்ந்து போனான். அதற்கு அந்த நாளா கிடைத்தது? கடைசியில் நாச்சியம்மாள் உள்ளே வந்து டிவி ஒயரைப் பிடுங்கினாள். அவன் வெளியே ஓடும்போதுகூட, “மொத்தத்துல மாஸ்டர்பீசுங்க, கண்ண மூடிட்டு வாங்கலாமுங்க!” என்று போனில் தீர்ப்பை முடித்துவிட்டுத்தான் ஓடினான்.

மலைமேல் என்ன நடந்தது தெரியுமா? நல்ல நேரம் முடியப் போகிறது என்றார் ஆசாரி. கீதாவின் கணவன் நஞ்சுண்டன் கடிகாரத்தையும் படியையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுடைய பெரியப்பா, ‘அண்ணங்காரனுக்கு அக்கறை இருந்தா வந்திருக்க மாட்டானா’ என்று ஊருக்கே கேட்கும்படி முணுமுணுத்துவிட்டு, தங்கள் வகையில் ஒருவரை மாமனாக உட்காரவைக்கலாம் என்றார். கீதா சுற்றிலும் பார்த்தாள். மொய்க் கவரோடு ஓரமாக நின்றிருந்தான் ஜெரோம்.

“ஜெரோமண்ணா, நீங்க உக்காருங்க.”

“அம்மணி, நான் ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போறவனுங்க. இங்க போயி…”

“உங்களுக்கு மடி இருக்குதில்லீங்களாண்ணா? அது போதும். எங்கண்ணனோட ஒரே தட்டுல தின்னு வளந்தவருதான நீங்க?”

பெரியப்பா முகத்தைச் சுளித்தார், இன்னும் நாலு பேர் சேர்ந்து சுளித்தார்கள். கீதா அதைப் பார்க்கவேயில்லை. ஜெரோம் மொய்க் கவரைச் சட்டைப்பையில் செருகிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கீதா குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

கதிர்வேல் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, சந்தனம் பூசிய மொட்டைத் தலையும் இரண்டு காதிலும் பொன் துளியுமாக யாழினி ஜெரோமின் தோளில் அழுதுகொண்டிருந்தாள். “சாமி, மாமங்கிட்ட வாடா” என்று இவன் கையை நீட்டினான். அவள் ஒருமுறை இவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரே முறைதான். முகத்தைத் திருப்பி ஜெரோமின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கேமுல இருக்கற தங்கச்சிக்காக ஏழு மலை ஏறுவீங்க,” என்றாள் கீதா. அவள் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “எனக்கு ஒத்த மலை ஏற உங்களுக்கு நேரமில்லீங்களாண்ணா?”

ஜெரோம் அவன் காதருகே குனிந்தான். “கதிரு, வருத்தப்படாத. ஆனா நீ ஆடுனது பழசுப்பா. லீவுல நான் விட்ட எடம். இந்த ஆசாரி வர்ற வரைக்கும் உன்ற லைவ போன்ல பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

கதிர்வேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பட்டுவேட்டி மடியைக் குனிந்து பார்த்தான். அது காலியாக இருந்தது. பந்தியில் இலை போட்டதும், ரசம் இன்னும் வாளியைவிட்டுக் கிளம்பாதபோதே, “ரசம் நல்லாருக்குதுங்க” என்றான்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். இந்தக் கதிர்வேல் எப்படிப்பட்டவன்? பொறுப்பில்லாதவன், தங்கைமேல் பாசமில்லாதவன், தேறவே மாட்டான், அப்படித்தானே? யாழினி பிறந்த அன்று கீதாவின் உயிர் ஊசலாடியபோது ரத்தம் கொடுத்துவிட்டு, அவள் கண் விழிக்கும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவன் இவன்தான். இதை நான் முன்பே சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஒரு காலைப்பொழுதைப் பார்த்தீர்கள், தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். எந்தப் பத்தியில் எழுதினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சூலூர்ப் பக்கம் வந்தால் பேக்கரிக்கு வாருங்கள். கதிர்வேலைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி உங்களுக்கும் இடம் போட்டு வைக்கிறேன்.