நீனோ லாம்போவுக்கு அழ ஆள் தேவை

“அழுவதற்கு இரண்டு பெண்கள் வேண்டும், பெனடிக்ற்,” என்றார் நீனோ லாம்போ.

அவருடைய நரைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த வீட்டு வேலைக்காரன் பெனடிக்ற்றின் கை நின்றது.

“ஆர் செத்தது, சிஞ்ஞோர்?”

“யாரும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பாடப்போகிறேன். அந்த நாளில் ரசிகைகளை அழைக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்போது இரண்டு பேர் தொடக்கிவைத்தால் போதும், மற்றவர்கள் தாங்களாகவே அழுவார்கள்.”

அந்த நாள் என்பது 1960. பதினெட்டு வயது நீனோ நெற்றியில் ஒரு சுருள்முடியைத் தொங்கவிட்டு, இடுப்பை வெட்டி ரொக் அண்ட் ரோல் பாடினார். பலெர்மோவின் மொண்டெல்லோக் கடற்கரையில் பெண்கள் கத்தி மயங்கி விழுந்தார்கள். இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. பிறகு மீசை வந்தது. ரசிகைகள் மீசை வராத வேறொருவரிடம் போய்விட்டார்கள். இது 1994. ஐம்பத்திரண்டு வயதாகியும் அவருக்குப் பதினெட்டு இன்னும் முடியவில்லை.

மொண்டெல்லோவில் ஓர் உணவக முதலாளி அவருக்கு ஒரு ஞாயிறு கொடுத்திருந்தார். கூட்டம் அசைந்தால் கோடை முழுவதும் பாடலாம். அசையாவிட்டால் நீனோ பலெர்மோவின் பொலிதேயாமாப் பகுதியிலுள்ள தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மிலானில் உள்ள தங்கையிடம் போய்விடுவார். வீட்டுவேலை போனால் பெனடிக்ற்றின் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. இத்தாலியில் இருக்கவும் முடியாது. ஆகவே அழுகை இப்போது பெனடிக்ற்றின் பிரச்சினை.

முதலில் மருமகள் அமலினியைக் கேட்டான். அவள் நீனோவின் சுவரொட்டியைப் பார்த்தாள்.

“மாமா, இவருக்குக் கத்துறதோ? நான் சிரிச்சே செத்துப்போவன்.”

அடுத்து அவளுடைய தாயிடம் போனான். அவனுடைய அக்கா றோசமலர், பலெர்மோப் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று, இலங்கையிலிருந்து வந்த மன்னார்ப் பெண்களைச் சேர்த்து ஒப்பாரி பாடுபவள்.

“எத்தினை பேர் வேணும்?”

“ரெண்டு காணும், அக்கா.”

“ரெண்டு பேரோடை ஒப்பாரி எடுபடாதடா. பன்ரெண்டு பேராய் வாறம்.”

“ஒப்பாரி இல்லையக்கா! சந்தோசத்திலை அழவேணும்.”

“கண்ணீருக்குச் சந்தோசம் துக்கம் தெரியுமே? நீ பேசாமல் இரு.”

ஞாயிறன்று பன்னிரண்டு பேரும் கறுப்புச் சேலையில் வந்து இறங்கினார்கள்.

“ஏனக்கா கறுப்பு?”

“பின்னை, அழப்போறதுக்குச் சிவப்பே உடுக்கிறது?”

நீனோ வெள்ளிநிறக் கோட்டில் மேடையேறி இடுப்பை ஒருமுறை வெட்டினார். றோசமலர் நெஞ்சில் அறைந்தாள்.

“ஐயோ, என்ரை மகனே! ஆர் உன்னை இந்தக் கோலம் ஆக்கினது!”

“ஆர் ஆக்கினது!” என்றார்கள் பதினொரு பேர்.

முள்ளுக்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். முதலாளி ஓடிவந்தார்.

“யார் இறந்தது?”

“ஒருவருமில்லை. ரசிகைகள்,” என்றான் பெனடிக்ற். அது போதாதென்று தோன்றியதால், “இலங்கையிலும் இவருக்குப் பெரிய பெயர்,” என்று சேர்த்துக்கொண்டான்.

முதலாளி அதை ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டார். அதைக் கேட்ட நீனோ, நான்கு பாட்டோடு நிறுத்தவேண்டியவர், ஒன்பதாவதுக்குப் போனார். பெனடிக்ற் தூரத்தில் நின்று கையை ஆட்டினான், போதும் என்று. இன்னும் பலமாக என்று விளங்கிக்கொண்டாள் றோசமலர். கடற்கரைக் கூட்டம் முழுவதும் உள்ளே வந்தது. கடைசி வரியில் நீனோ முழந்தாளிட்டார். எழும்ப முடியவில்லை. ஆள் விழுந்துவிட்டார் என்று நினைத்து மன்னார்ப் பெண்கள் அப்போதுதான் உண்மையாக அழுதார்கள்.

இருக்கை கிடைக்காமல் ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். முதலாளி அந்த இடத்திலேயே கோடை முழுவதற்கும் கையெழுத்துப் போட்டார். பெனடிக்ற்றுக்கு மூச்சு வந்தது.

“பார்த்தாயா?” நீனோ கண்ணைத் துடைத்தார். “நான் இரண்டு பேரைத்தான் கேட்டேன். மற்றப் பத்துப்பேரும் தாங்களாகவே வந்திருக்கிறார்கள். அந்த நாளில் வந்ததுபோலவே!”

அவர் கையெழுத்து வழங்கப் போனார். அடுப்படியிலிருந்து, ஐம்பது வயதுச் சமையற்காரி ஒருத்தி கையைத் துடைத்தபடி வந்து றோசமலரின் காதில் ஏதோ இத்தாலிய மொழியில் கேட்டாள்.

“என்னவாம், அக்கா?”

“அந்த நாளிலை கத்தி மயங்கி விழுந்தது தாங்கள்தானாம். இவற்ரை தாய் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தவவாம். எங்களுக்கு என்ன கிடைச்சதெண்டு கேக்கிறா.”