பொட்டு வைத்த இன்ஜின்

துடைப்பவர் என்றொரு இனம் உண்டு. கழற்றுபவர், மாட்டுபவர் எல்லாம் வேறு இனம். இவர் துடைப்பார், அவ்வளவுதான். பாபநாசம் பக்கம் வாய்க்காலுக்கு ஒருவர் தேறுவார். நமக்கு ரெங்கசாமி ஒருவரே போதும்.

ரெங்கசாமிக்கு ஆறு மா நிலமும், தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் இன்ஜின் ஒன்றும் உண்டு. நிலத்தை மனைவி மங்களாம்பிகை பார்த்துக்கொள்கிறார். இன்ஜினை இவர் துடைக்கிறார். ஆயுத பூஜை வந்துவிட்டால் விடிந்ததும் அதை வாசலில் உட்காரவைத்து, ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றி, பழைய பனியனால் ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, டேங்குக்கு ஒரு பொட்டு, சைலன்சருக்கு ஒரு பொட்டு, காற்று வடிகட்டி இருக்கிற கறுப்பு டப்பா மட்டும் முகம் மாதிரி இருப்பதால் அதற்குச் சந்தனத்தை அள்ளி அப்பி, சாமந்தி மாலையும் சுற்றிய பிறகுதான் காப்பி குடிப்பார். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? முகத்தை யாராவது திறந்து பார்ப்பார்களா?

"சர்வீஸ் முடிஞ்சுது" என்பார்.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமழை. நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போய் நுனி மட்டும் தெரிந்தது. இன்று வடியாவிட்டால் அழுகிவிடும். இன்ஜின் வரப்புக்கு வந்தது, மாப்பிள்ளை மாதிரி. கயிற்றை இழுத்தார். இரண்டு தரம் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, நின்றது.

பெட்ரோல் சரியில்லை என்றார். பிளக்கைத் துடைத்தார். குழாயைத் துடைத்தார். எவனோ கண் வைத்துவிட்டான் என்று எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். தெறித்த சாற்றையும் துடைத்தார். மத்தியானமாகிவிட்டது.

"என்னங்க, பள்ளத்துல நுனியும் முழுகிப்போச்சு" என்றார் மங்களாம்பிகை.

பக்கத்து வயல் ஜெயபால் எட்டிப் பார்த்தார். அவருடைய இன்ஜினைக் காயலான் கடையில்கூட யோசித்துத்தான் வாங்குவார்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த டப்பாவ எப்ப தொறந்தீங்க?"

"அதத் தொறக்கலாமா?"

ஜெயபால் திறந்தார். காற்றுத் துளைகளில் சந்தனம் சிமென்ட்டாக இறுகியிருந்தது. உள்ளே இருந்த பஞ்சு, போன அறுவடையின் தூசும் பதருமாகக் கருவாடு போல் வந்தது.

"மூக்க அடைச்சிட்டு ஓடுன்னா எப்படிண்ணே ஓடும்?"

"தண்ணி எறைக்கிறதுக்குக் காத்து எதுக்குய்யா?"

மங்களாம்பிகை பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, ஃபேனுக்கு அடியில் ஈரம் போகக் காயவைத்து, நாலு சொட்டு ஆயில் விட்டுக் கசக்கிக் கொண்டுவந்தார். ஜெயபால் சந்தனத்தைச் சுரண்டி முடித்திருந்தார். ஒரே இழுப்பில் இன்ஜின் ஓடியது.

மேட்டில் நாலு மா பிழைத்தது. பள்ளத்தில் இரண்டு மா போனது போனதுதான். "இந்த வருசம் மழ கொஞ்சம் ஜாஸ்தி" என்று டீக்கடையில் ரெங்கசாமி விளக்கிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் பைக்கைத் தினமும் காலையில் கண்ணாடி முதல் நம்பர் பிளேட் வரை துடைக்கிறீர்களே, அதில் காற்று வடிகட்டி எந்தப் பக்கம் இருக்கிறது? கை வைத்த மூடியை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். அது பேட்டரி.