மந்திமலை நீரூற்றும் மாமாவின் முறியும்

மந்திமலைக் கடைவீதி,
ஆடி மாதம், 2004

அன்புமிக்க மாப்பிள்ளை லோகநாதன் அவர்களுக்கு மாமா சின்னராசா எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் மாமி மீனம்மா, விடாத மழை ஆகிய மூவரும் நலம். கொழும்பில் நீங்களும் மகளும் நலமாயிருக்க மாரியம்மன் அருள்வாளாக.

நிற்க. தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் வேலை முடிந்து வந்த பணத்தைக் காட்டி, "பேங்க்ல தூங்க விடாதீங்க மாமா, அரசாங்கத்துக்குக் கடன் குடுக்குற முறிப் பத்திரம் வாங்குங்க. அந்தக் கடன்லதான் ஒங்க டவுனையே திருத்தப்போறாங்க, வட்டியும் வரும்" என்றீர்களே, திருத்திவிட்டார்கள். என்ன கட்டினார்கள் தெரியுமா? நீரூற்று! வருசத்தில் பாதி நாள் குடையோடு திரிகிற ஊருக்கு, வானத்தில் போதாதென்று தரையிலிருந்தும் ஒரு மழை. அதுவும் எங்கிருந்து தண்ணீர்? மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டச் சனம் குடிதண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வரும் குழாயை வெட்டித் திருப்பியிருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. திறப்பு விழாவில், முறி வாங்கியவர் என்று முன்வரிசை நாற்காலியும் மாலையும் கிடைத்த மயக்கத்தில் இருந்தேன். கொழும்புப் பிரமுகர் பொத்தானை அமுக்கினார், தண்ணீர் குதித்தது, கூடவே கொழுந்து பறிக்கும் ராக்காயி தலைமையில் குடங்களோடு பெண்கள் படையும் குதித்தது. கலைநிகழ்ச்சி என்று நினைத்துப் பிரமுகர் கைதட்டினார்.

"இது கடன் வாங்கிக் கட்டுனதுங்க, தொடாதீங்க!" என்று நகர சபைத் தலைவர் கத்தினார்.

"அந்தக் கடனைக் கட்டப்போறது எங்க பேரப்புள்ளைங்கதான? கட்டப்போறவங்க இப்பவே மோந்துக்கிறோம், நகருங்க!" என்றாள் ராக்காயி.

அந்த மனுசன் என்ன செய்யணும்? பதில் சொல்லணும். இவரோ என்னைக் காட்டி, "காசு போட்டவர் அந்தா உக்காந்திருக்காரு, அவர்கிட்ட கேளுங்க!" என்றுவிட்டார். அத்தனை குடமும் என் பக்கம் திரும்பியது மாப்பிள்ளை! மாலையோடு ஓடி ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். பொழுது சாய வீடு திரும்பினால் நம் குழாயடியில் லயமே வரிசையாக நிற்கிறது. உங்கள் மாமிதான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். "ஒங்க காசு அவங்க தண்ணிய எடுத்துச்சு. ஒங்க குழாய் குடுக்கட்டும்" என்கிறாள். அன்றிலிருந்து நான் முகம் கழுவ வேண்டுமென்றாலும் ராக்காயியிடம் முறை கேட்டு நிற்கிறேன். வட்டியும் வேண்டாம், மானம் போதும். கடிதம் கண்டதும், நீங்கள் என் பேரில் வாங்கிய அந்த முறியை விற்றுத் தொலையுங்கள்.

மகளுக்கு என் ஆசிகள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நனைந்த மாமா
சின்னராசா

பி.கு: தபாலில் போடப் போன வழியில் சபைத் தலைவர் மறித்தார். அடுத்த கட்டமாகப் படகுக் குளம் வெட்டுகிறார்களாம். கல்வெட்டில் என் பெயரை மூன்று மொழியிலும் பொறிப்பார்களாம். ஆகவே விற்க வேண்டாம், முடிந்தால் இன்னொன்று வாங்குங்கள். மாமிக்குத் தெரிய வேண்டாம். அவள் பீலித் தண்ணீரைத் திருப்பித் தரச் சொல்லி, காலையிலிருந்து லயத்துப் பெண்களோடு வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு சபை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.