படிப்பு ஏன் நின்றது?

“சத்தமா வாசியாதை அன்டன், பிள்ளை எழும்பிடுவாள்.”

வலன்ரைன் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார். பதினேழு வயது மகள் றொசானா கண்ணெல்லாம் மஞ்சளித்து, செங்கமாரியோடு மூன்று மாதமாகப் படுக்கை. சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கி முடித்ததும் அவரும் வேறெங்கும் போகாமல் நேரே வீட்டுக்கு ஓடிவந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். இப்போது அரசாங்கத்திடமிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம். மேல்மாடி அன்டனுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். கொஞ்சம்தான்.

“படிப்பு இடையில நிண்டு போச்சாம், அண்ணை. ஏனெண்டு கேக்கிறாங்கள். வருத்தமெண்டால் அத்தாட்சி வேணுமாம். இல்லாட்டிக் காசு நிக்குமாம்.”

“பேர் போட்டிருக்கோ?”

“வலன்ரைன் எண்டிருக்கு.”

“அவளின்ர பின்பேர் அதுதானே. பிள்ளை படிக்கிறாளெண்டு மாசாமாசம் தாற பிள்ளைக் காசைத்தான் நிப்பாட்டப் போறாங்கள்!”

“வேறென்ன காசு?”

றொசானாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அந்த உடம்போடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள்.

டொக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினார். அதன் நகலை அன்டன் பிறகுதான் படித்தான்.

“ஐயோ அண்ணை, படிக்கவே ஏலாதெண்டு எழுதியிருக்கு! இனி ஏன் தருவான்?”

உடனே பள்ளிக்கூடத்தில் கெஞ்சி, ‘இவள் இன்னும் எங்கள் மாணவிதான்’ என்று இன்னொரு கடிதம். கேள்விப்பட்ட பங்குச் சுவாமியாரும் தன் பங்குக்கு ஒன்று கொடுத்தார்: ‘ஒரு ஞாயிறும் பூசை தவறாத பிள்ளை.’

பதில் வந்தது.

“ஒண்டும் விளங்கேல்லையாம். நேர வரட்டாம்” என்றான் அன்டன்.

“எனக்கும் விளங்கேல்லை.” கதவடியில் போர்வையோடு றொசானா. “ஏனப்பா சொல்லேல்லை? நானும் வாறன்.”

அலுவலகத்தில் மகளைக் கதிரையில் இருத்தி, தன் கோட்டையும் அவளுக்குப் போர்த்திவிட்டு, வலன்ரைன் பெண் அதிகாரியிடம் அவளுடைய கண்ணைச் சுட்டிக்காட்டினார்.

“மடாம், மஞ்சள்! பாருங்கோ, மஞ்சள்!”

அந்தப் பெண் கோப்பைப் புரட்டினாள். பிறகு றொசானாவிடம் நிதானமாக ஏதோ சொன்னாள். றொசானா கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது.

“அழாதை குஞ்சு. காசு போனால் போகட்டும். நீ சுகமாகு, அது காணும்.”

றொசானா நிமிர்ந்தாள். சிரிப்பில் கண்ணீர் வழிந்தது.

“பிள்ளைக் காசு குடுக்கிறது வேற கந்தோராம் அப்பா, அதை ஒருத்தரும் நிப்பாட்டேல்லையாம். கடிதம் உங்களுக்காம். காசு தந்து படிப்பிக்கிற பிரெஞ்சு வகுப்புக்கு நீங்கள் ஏன் மூண்டு மாசமா வரேல்லையெண்டு கேக்கிறா.”