கூடைக்குள் வெந்த பீன்ஸ்

லுராம்பி, ககமேகா
வியாழக்கிழமை, காலை பத்து மணி

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் எரஸ்டோ ஜும்பா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், எடை அளவைத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய ஜோராம் கிசியா பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மூன்று கோழிகளும் சுகம். அங்கே மொம்பாசாவில் நீங்களும் அக்காவும் சுகமென்றும், உங்கள் முழங்கால் வலி கடற்காற்றில் கொஞ்சம் இறங்கியிருக்குமென்றும் நம்புகிறேன்.

மச்சான், பீன்ஸ் வெந்துவிட்டது. நலம் விசாரிப்பதை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் இதைச் சொல்வது என்று இருந்தேன், கை கேட்கவில்லை. திங்கட்கிழமை வெந்தது, செவ்வாய் வெந்தது, நேற்றும் வெந்தது. ஒருநாள் வெந்தால் தற்செயல் என்பார்கள். மூன்று நாள் வெந்தால் அது நிரூபணம். ஒரு பீன்ஸ் கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன், மசிந்துபோனது. திங்கட்கிழமையே, அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கை முசிம்பிக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு வாரமாக என் போனை எடுக்காதவள் அன்றைக்கு எடுத்தாள். "வாயால சொன்னா நான் நம்பமாட்டேன். அண்ணனுக்கு எழுதி அனுப்புங்க. அவர் படிச்சுச் சொல்லட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளை எதிரில் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று நீங்கள் ஒரு தரப்பை மட்டும்தான் கேட்டிருப்பீர்கள். என் தரப்பு இது. வேலையில் இருந்தவரை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவேன், வீட்டில் மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது என்றே எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற முதல் வாரம்தான் வாசல் கதவுக்கு மேலே இருக்கும் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். முசிம்பி இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் அது பேய் பிடித்த மாதிரி மினுக்கியது. நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன், எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் பிள்ளை இமாலிக்குக் கிசுமுவில் நர்ஸ் படிப்பு இன்னும் ஒரு வருடம் பாக்கி, மீட்டருக்கு முன்பணம் கட்டி வாங்கும் டோக்கனோ போட்ட பத்தாம் நாள் தீர்ந்துவிடுகிறது. எடைக்கல்லின் அடியைக் குடைந்து கிலோவுக்கு முப்பது கிராம் திருடியவர்களைச் சந்தை சந்தையாகப் போய்ப் பிடித்தவன் நான். என் தலைக்கு மேலேயே பகிரங்கமாக இப்படி ஒழுகுகிறதே, இதைப் பிடிக்க யாருமில்லையே என்று ஆகிவிட்டது. அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

முதலில் இஸ்திரிப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். துணிகளை மெத்தைக்கு அடியில் பரப்பி அதன்மேல் படுத்தால் மடிப்பு தானாக விழும் என்று முசிம்பிக்கு விளக்கினேன். மடிப்பு விழத்தான் செய்தது, ஆனால் கட்டில் பலகையின் இடைவெளிகளும் சேர்ந்து விழுந்ததால் நான் ஒரு இழவு வீட்டுக்குக் குறுக்குக் கோடு போட்ட கால்சட்டையோடு போக நேர்ந்தது. பிறகு சுடுநீர் ஷவரின் ஒயரைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக ஆறு பிளாஸ்டிக் கேன்களுக்குக் கறுப்புச் சாயம் பூசித் தண்ணீர் நிரப்பித் தகரக் கூரைமேல் வெயிலில் வைத்தேன். தண்ணீர் நன்றாகவே சுட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் குளிப்பதற்கு ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரைதான் நேரம். உங்கள் தங்கை சந்தைக்குப் போயிருந்தாலும் சரி, சபைக்குப் போயிருந்தாலும் சரி, ஒரு மணிக்கு நான் போன் செய்து "தண்ணி ஆறுது, வா" என்று கூப்பிடவேண்டி வந்தது. அடுத்தது ஃபிரிட்ஜ். பகலில் ஆறு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். மச்சான், இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். ஈஸ்டருக்கு நீங்கள் ஐஸ் போட்டுப் பஸ்ஸில் அனுப்பிய வஞ்சிர மீன் மிக ருசியாக இருந்தது என்று நான் போனில் சொன்னது கோழிகளின் அபிப்பிராயம்.

இவ்வளவுக்கும் அவள் பொறுத்துக்கொண்டாள். சமையல் கேஸ் விஷயத்தில்தான் எல்லாம் திரும்பியது. ஊர்க் கூட்டத்தில் ஒரு அம்மாள் வந்து கூடை அடுப்பு என்று ஒன்றைக் காட்டினார். பானையை அடுப்பில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து, மூடி, பஞ்சு அடைத்த கூடைக்குள் இறக்கி, மேலேயும் பஞ்சு மெத்தை போட்டு அமுக்கிவிட்டால், உள்ளே இருக்கும் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். தீ கிடையாது, கேஸ் கிடையாது. எனக்கு உட்கார முடியவில்லை, கூட்டம் முடியும் முன்பே எழுந்து வந்து கூடை வாங்கிவிட்டேன். பஞ்சுக்கு எங்கே போவது என்று யோசித்து, நீங்கள் வந்தால் படுப்பதற்கென்று வைத்திருந்த மெத்தையைப் பிரித்தேன். நீங்கள் வருவது வருடத்துக்கு ஒருமுறை, பீன்ஸ் வேகவேண்டியது தினமும். அந்த அம்மாள் அரைமணி நேரம் என்றார். அது சாதாரண ஜனங்களுக்குச் சொல்வது. நான் சிலிண்டரைத் தராசில் தொங்கவிட்டு, எரிவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, கணக்குப் போட்டு, ஏழு நிமிடம் போதும் என்ற முடிவுக்கு வந்தேன்.

முதல் சோதனையை நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் ஒரு நாளில் செய்திருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை சபையின் மாதர் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. முசிம்பி தலைவியான பிறகு முதல்முறையாக அவர்களை அழைத்திருந்தாள், பதினான்கு பேர், கிதேரிக்குச் சோளமும் பீன்ஸுமாகப் பெரிய பானை நிறைய ஊறவைத்திருந்தாள். அவள் நாற்காலி கடன் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, கொதித்துக்கொண்டிருந்த பானையை நான் ஏழாவது நிமிடத்தில் இறக்கிக் கூடைக்குள் வைத்தேன். திரும்பி வந்தவளிடம் இது பதினான்கு சாட்சிகளுக்கு முன்னால் நடக்கப்போகும் அதிசயம் என்றேன். அவளும் நம்பினாள், அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, எல்லோருக்கும் முன்னால் நான்தான் கூடையைத் திறந்தேன். ஆவி வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். கிழவி சபெட்டிக்கு முதல் தட்டு. அவர் ஒரு வாய் போட்டுக் கடித்தார், அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. பிறகு அவர் மெதுவாக வாயிலிருந்து ஒரு பீன்ஸையும் அரைப் பல்லையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து, எது எது என்று பார்த்தார். எல்லோரும் டீயையும் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு, வீடு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் கேட்டைத் தாண்டும்வரை முசிம்பி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியோடு வாசலில் நின்றபோதும் சத்தம் போடவில்லை. "இமாலி அப்பா, நீங்க மிச்சம் பிடிக்கிறதை நான் தப்புன்னு சொல்லல. என்னைக் கேக்காம பிடிக்கிறீங்க. அந்தக் கூடையில ஒரு பீன்ஸ் வேகட்டும், அன்னைக்கு வர்றேன். அதுவரைக்கும் நீங்களும் உங்க தராசும் குடும்பம் நடத்துங்க" என்றாள். பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு மச்சான், நான் மிச்சம் பிடித்ததை நீங்கள் பார்க்கவேண்டும். சிவப்பு விளக்கு எப்போதாவது ஒருமுறைதான் மினுக்குகிறது. சில சமயம் மீட்டர் செத்துவிட்டதோ என்று பயந்து ஒரு பல்பைப் போட்டுப் பார்க்கிறேன். போனைக்கூட வீட்டில் சார்ஜ் செய்வதில்லை, தினமும் பத்து மணிக்கு மாவட்ட நூலகத்துக்குப் போய் அங்கே சொருகிவிட்டுப் பேப்பர் படித்து முடித்து ஒரு மணிக்குத்தான் வருகிறேன். நோட்டுப் புத்தகத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. அதைக் காட்ட வீட்டில் ஆளில்லை. ஒருநாள் கோழிகளுக்குக் காட்டினேன். அன்றைக்குச் சாயங்காலம் சோள மாவில் உகாலி கிண்டி இரண்டு தட்டில் போட்டுவிட்டேன், ஒரு தட்டைத் திரும்பப் பானையில் கொட்டினேன்.

ஆகவே சோதனையைத் தொடர்ந்தேன். ஏழு நிமிடத்தை மாற்றவில்லை, அது கணக்கில் வந்த எண். கூடையைத்தான் திருத்தினேன். மூடிக்குச் சுற்றிலும் மாவு பூசினேன், பஞ்சை இரட்டித்தேன், என் பழைய சீருடைக் கோட்டைப் போட்டுச் சுற்றினேன். ஒருவாரம் தோல்வி. பக்கத்து வீட்டுத் தையற்காரி கசோஹா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, இன்றைக்காவது ஆச்சா அண்ணே என்று கேட்பாள், நான் கோழிகளுக்குத் தீனி போடுவேன். போன திங்கட்கிழமை வழக்கம்போல் ஏழு நிமிடம் கொதிக்கவைத்து, கூடையில் மூடி வைத்துவிட்டு நூலகம் போனேன். திரும்பி வந்து திறந்தால் வெந்திருக்கிறது. உள்ளே வெந்திருக்கிறது, தோல் சுருங்கியிருக்கிறது, குழம்பு கெட்டியாகியிருக்கிறது. நின்றபடியே பாதிப் பானை சாப்பிட்டேன். மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன், அரசாங்கத் துணி சூட்டை விடாது.

இப்போது என் உறுதிமொழிகள். ஷவர் ஒயரை மாட்டிவிட்டேன். ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடும். இஸ்திரிப் பெட்டியின் சாவி அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கிழவி சபெட்டியின் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் மீதிப் பல்லையும் காட்டிச் சிரித்தார். இனி மிச்சம் பிடிப்பதானால் அவளைக் கேட்டுத்தான் பிடிப்பேன். கூடையை மட்டும் விடமாட்டேன், அது அவள் வைத்த நிபந்தனையின்படியே ஜெயித்த கூடை. தயவுசெய்து அவளைப் பஸ் ஏற்றி அனுப்புங்கள். நான் ஸ்டாண்டில் காத்திருப்பேன்.

உங்கள் வீட்டில் விளக்கு எரியவேண்டிய நேரத்தில் எரியட்டும், அணையவேண்டிய நேரத்தில் யாராவது எழுந்து போய் அணைக்கட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
ஜோராம் கிசியா

பி.கு. மச்சான், இதை நீங்கள் மனதுக்குள் படிக்கவேண்டும். மேலே உள்ளதை எழுதி முடித்து உறையைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பீன்ஸை ஏழு நிமிடம் கொதிக்கவைத்துக் கூடையில் மூடியிருந்தேன், ஆனால் கடிதம் எழுதியதால் நூலகம் போகவில்லை. மணி பதினொன்று இருக்கும், சமையலறைப் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கசோஹா கூடையைத் திறந்து பானையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் கீழே வைக்கவும் தெரியாமல் கொண்டுபோகவும் தெரியாமல் விழித்தாள். "ஏழு நிமிஷத்துல பீன்ஸ் வேகுமா அண்ணே? மூணு நாளா எங்க வீட்டு அடுப்புல ஒருமணி நேரம் வச்சு, திரும்பக் கொண்டாந்து வைக்கிறேன்" என்றாள். ஏன் இப்படி என்று கேட்டேன். பானையின் மூடியைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள். "முசிம்பி அக்காதான் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுச்சு. எப்படியாவது அதை வேகவச்சுடு, நான் வீட்டுக்கு வரணும்னு சொல்லுச்சு."

நான் பின்கதவை அவளுக்குத் திறந்து பிடித்தேன். கசோஹா பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இப்போது அங்கே கொதித்துக்கொண்டிருக்கிறது, இங்கே வரை வாசனை வருகிறது. முப்பத்தோரு வருடம் பொய் எடையைப் பிடித்தவன், உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதியிருக்கிறேன், தாளின் பின்பக்கத்தில். முன்பக்கத்தை நீங்கள் படித்து முடித்ததும் முசிம்பி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வெந்துடுச்சா, அப்ப சரி, போய்த்தான் ஆகணும் என்பாள். நீங்களும் அப்படியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவள் எதிரில் தாளைத் திருப்பாதீர்கள்.