மோனோவின் இடது ஸ்பீக்கர்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை எத்தனையோ பேருக்கு நல்ல காது இருக்கலாம். ஆனால் தன் காதுக்காக அடுத்தவன் முதுகை ஒடித்த மனிதர் மோனோ ஒருவர்தான். ஒடிந்த முதுகு என்னுடையது. இன்றைக்கும் குனிந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் அவர் நினைவு வந்துவிடுகிறது.

அரசாங்க அலுவலகம் ஒன்றில், கட்டடங்களுக்குப் பிளான் வரையும் பிரிவில், எனக்கு எதிர் மேசை அவருக்கு. காதில் பென்சில், சட்டைப் பையில் ஸ்கேல். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். ஊரெல்லாம் ஸ்டீரியோ என்று இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்ட எழுபதுகளின் கடைசியில், இவர் வீட்டில் மட்டும் ஒரே ஒரு ஸ்பீக்கர். அதனால் ஆபீசில் மோனோ என்றே பெயராகிவிட்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

அந்த ஒற்றை ஸ்பீக்கருக்கு ஒரு கதை உண்டு. அவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்றபோது, வாழ்க்கையில் செய்த ஒரே ஆடம்பரமாக, இங்கிலாந்தில் செய்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். ஒவ்வொன்றும் கடைகளில் இருக்கும் ரொட்டி டின் அளவுதான். தூக்கினால்தான், உள்ளே என்ன கருங்கல்லா என்று கேட்கத் தோன்றும். அப்பா காலமானதும் தாய்மாமா வந்து உட்கார்ந்து, அண்ணன் தம்பி இருவருக்கும் வீட்டுச் சாமான்களைப் பிரித்தார். மிகவும் நியாயமான மனிதர். நாற்காலி எட்டு, ஆளுக்கு நான்கு. மேசை விசிறி இரண்டு, ஆளுக்கு ஒன்று. ரெக்கார்டு பிளேயர் அண்ணனுக்கு, தையல் மெஷின் தம்பிக்கு. ஸ்பீக்கர் இரண்டு, ஆளுக்கு ஒன்று. ஒரு ஜோடிச் செருப்பை இப்படிப் பிரிப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மாமாவுக்கு அது இரண்டு பெட்டி, அவ்வளவுதான்.

இடது பக்கத்துப் பெட்டி மோனோவுக்கு, வலது பக்கத்துப் பெட்டி தம்பிக்கு. 'நீங்களே ரெண்டையும் வச்சுக்கங்கண்ணே' என்று தம்பி சொல்லுவான் என அண்ணன் காத்திருந்தார். 'நீயே வச்சுக்கடா' என்று அண்ணன் சொல்லுவார் எனத் தம்பி காத்திருந்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி தன் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டார். அங்கே துறைமுகத்தில் வேலை. அதோடு பேச்சு நின்றது. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. பதினோரு வருடம் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

இதில் நான் எப்படி வந்து மாட்டினேன் என்றால், என்னிடம் கார் இருந்தது. அவரிடம் இல்லை.

அப்பாவுக்குப் பிடித்த ரெக்கார்டு ஒன்று இருந்தது. ஆணும் பெண்ணும் பாடும் பாட்டு. எங்கே போனாய், ஏன் இத்தனை நேரம் என்று ஆண் கேட்பான். பெண் ஏதாவது சாக்குச் சொல்லுவாள். அந்தக் காலத்து ரெக்கார்டு. ஆண் குரல் முழுக்க இடது ஸ்பீக்கரில் வரும், பெண் குரல் முழுக்க வலது ஸ்பீக்கரில் வரும். எனவே மோனோ வீட்டில் கேள்வி மட்டும்தான். கேள்வி முடிந்ததும் மத்தளத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் வெறிச்சென்று இருக்கும். அந்த இடைவெளியில் மோனோ நம் பக்கம் திரும்பி, குரலை மெல்லிசாக்கி, பெண்ணின் பதிலைத் தானே பாடுவார். மீசை வைத்த நாற்பது வயது ஆள். முதல் தடவை பார்த்தபோது நான் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

இரண்டு குரலையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்து விடும் பொத்தான் அவருடைய ஆம்ப்ளிபையரிலேயே இருந்தது. அதை அழுத்தக் கூடாதா என்று கேட்டேன். பாயசத்தில் ரசத்தை ஊற்றச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். அதைத் தொட மாட்டார். அவருக்கு வேண்டியது வலது பக்கத்துக்கு ஒரு ஜோடி. அப்பா கேட்ட மாதிரி அந்தப் பாட்டை முழுசாக ஒரு தடவை கேட்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அந்த மனிதருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தேடல் ஆரம்பித்தது. ரவாங்கில் மூடப்போகும் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஒரு ஸ்பீக்கர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். தூக்கி வந்து மாட்டிப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது என்றார். ஷா ஆலமில் ஓர் அதிகாரி வீட்டிலிருந்து இன்னொன்று. அது ஆள் உயரம். என் காரின் பின்கதவை மூடாமல் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். அதில் அந்தப் பெண் பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து பதில் சொல்லுகிறாளாம். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. சொன்னால் கோபித்துக்கொள்வார், எனவே நானும் தலையை ஆட்டி, ஆமாம் அண்ணே, ஜலதோஷம்தான் என்பேன்.

வேண்டாம் என்று தள்ளியவற்றைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவும் மாட்டார். இடது ஸ்பீக்கர் மனசு கஷ்டப்படுமாம். அவை எல்லாம் என் வீட்டுக்கு வந்தன. ஒன்றின்மேல் பூந்தொட்டி வைத்தோம், ஒன்று செருப்பு ஸ்டாண்டு ஆனது, ஒன்றில் உட்கார்ந்து என் மனைவி காய் நறுக்கினாள். ஏழாவது வந்தபோது அவள் வாசலில் நின்று என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் காரிலேயே கேட்டுவிட்டேன். ஊர் ஊராக அலைவதற்கு, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன, அண்ணே?

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேட்டா குடுத்துருவான் மணி. அதனாலதான் கேட்கல."

நான் கியரை மாற்றி வண்டியை விட்டேன். 

நம் ஊர்ப் புழுக்கம் யாரை விட்டது? கடைசியில் அந்த இடது ஸ்பீக்கரும் படுத்துவிட்டது. உள்ளே காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கும். அது பழைய கேக் மாதிரி உதிர்ந்து, ஆண் குரலும் கரகரத்துப்போனது. மோனோ இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு போட்டார். மேருவில் ஒரு சீனர் இந்த வளையத்தை மாற்றித் தருவார் என்று யாரோ சொல்ல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

மோனோ கை கழுவப் போன நேரத்தில் தவுக்கே என்னிடம் சொன்னார்: "இதே மாதிரி ஒண்ணு போன வாரம் வந்துச்சுலா. கிள்ளான் ஆளு. ரெண்டும் சனிக்கிழமை ரெடி."

எனக்குப் புரிந்துவிட்டது. மோனோவிடம் நான் சொல்லவில்லை. ஏதோ பெரிய திட்டம் போட்டேன் என்று நினைக்காதீர்கள். சொன்னால் வேறு கடை தேடுவார், அந்தக் கடைக்கும் நான்தான் கார் ஓட்ட வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து மேருவுக்குப் போனோம். கடையில் மோனோ மாதிரியே ஒருவர், கொஞ்சம் இளைத்த மோனோ, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மோனோ சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அது சீனக் காலண்டர்.

தவுக்கேவுக்கு இந்த ராமாயணம் எதுவும் தெரியாது. சோதித்துப் பார்ப்பதற்காக மோனோ கொண்டுவந்திருந்த ரெக்கார்டை வாங்கி, இரண்டு ஸ்பீக்கரையும் இணைத்து, போட்டுவிட்டார். ஆண் கேட்டான். பெண் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம் நின்று வாசித்தது. அந்த மத்தளம் நடுவில் நிற்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மோனோவின் உதடு வழக்கம்போலப் பெண்ணின் வரிக்குத் தயாராகி, பிறகு நின்றுவிட்டது. 

பாட்டு முடிந்தது. எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அங்கேதான் வந்தது வினை. அப்பா பின்பக்கம் பென்சிலால் இடது, வலது என்று எழுதியிருந்ததைத் தவுக்கே அழுக்கு என்று நினைத்து, இலவசமாகவே, பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார். முன்பக்கத் துணியும் புதுசு. எது அண்ணனுடையது, எது தம்பியுடையது என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏதாவது ஒன்றை எடுங்கள் அண்ணே, இரண்டும் ஒன்றுதானே என்றேன். அடுத்தவன் பொருளைத் தொட்டுப் பழக்கமில்லை என்றார் மோனோ. தனக்கும் இல்லை என்று தம்பி என்னைப் பார்த்துச் சொன்னார். தவுக்கே கடை அடைக்கும் நேரம் என்றார். 

பிறகு மோனோ, காலண்டரிடம் சொல்லுவதுபோலச் சொன்னார்: "ரெண்டையும் நீயே வச்சுக்கடா."

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே."

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

"நானும் அப்படித்தான் பார்த்தேன்."

கதை இத்தோடு முடிந்திருந்தால் என் முதுகு பிழைத்திருக்கும். இப்போது புதுச் சண்டை கிளம்பியது. நீயே வச்சுக்க என்று அவர், நீங்களே வச்சுக்கங்க என்று இவர். பதினோரு வருடம் சொல்லாததை அரை மணி நேரத்தில் நூறு தடவை சொன்னார்கள். யாரும் எடுத்துக்கொள்வதாக இல்லை. கடைசியில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரே நேரத்தில் திரும்பி, வாசலில் நின்ற என் காரைப் பார்த்தார்கள். என் தலையெழுத்து, வேறென்ன?

அப்படித்தான் அந்த ஜோடி என் வீட்டுக்கு வந்தது. மறுநாள் மோனோ ரெக்கார்டு பிளேயரும் ஸ்கேலுமாக வந்து, என் சோபாவை நகர்த்தி, சட்டம் போட்டார். சோபாவின் இடது ஓரம் அவர் இடம், வலது ஓரம் தம்பி இடம். இரண்டு ஓரத்திலும் ஆள் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் சுவரில் பட்டுக் கோணலாகிவிடும் என்றார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது வருடம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனும் தம்பியும் என் வீட்டில்தான். தம்பிக்கு பஸ் தாமதமானால் வலது ஓரத்தில் என்னைப் பிடித்து உட்கார வைப்பார் மோனோ. என் பிள்ளைகளுக்கு டிவி கிடையாது, எனக்கு மத்தியானத் தூக்கம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது எங்களுக்கு விடுங்கள் என்று நான் கெஞ்சியதுண்டு. அவர் என் மனைவியிடம் இன்னொரு டீ கேட்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு காய்ச்சலில் படுத்த மோனோ எழுந்திருக்கவில்லை. ஐந்தே நாள்தான். காரியம் முடிந்ததும் தம்பி என்னிடம், இனி ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தொந்தரவு இல்லைங்க, ஸ்பீக்கரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிம்மதியாகப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து, காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். இந்தத் தடவை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தம்பியை ஏற்றிக்கொண்டு வந்து, வலது ஓரத்தில் உட்கார வைத்து, ரெக்கார்டைப் போட்டேன்.

இடது ஓரத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். அங்கே ஆள் இல்லாவிட்டால் சத்தம் கோணலாகிவிடும்.